அஞ்சுக்கு அஞ்சு

இலுப்பமேட்டுக் காலனிக்காரர்கள் தங்கள் பஞ்சாயத்துக்கு ஐந்துக்கு நாலே முக்கால் மார்க் போட்டிருந்தார்கள். ராமானுஜம் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைத் தன் ஆய்வு மாணவி ஜாக்குலின் பக்கம் திருப்பி வைத்து, அந்த எண்ணை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

"பாத்தியாம்மா? மத்த ஊரெல்லாம் ரெண்டரை, மூணுன்னு நொண்டியடிக்குது. உங்க ஊரு எங்கேயோ போயிடுச்சு. அந்தக் குப்பைக் கிடங்கு தீர்மானத்தையே உங்க மக்கள் மனசார ஏத்துக்கிட்டிருக்காங்க. நாலு வருஷமா நீ தேடின பாலம் இதுதான்."

'உங்க மக்கள்' என்றதை ஜாக்குலின் கவனித்தாள். கவனித்துக் கவனித்துக் காது மரத்துப்போன சொல். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா சார்" என்றாள்.

அவர்கள் துறை செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில், இரண்டு மாடிக் கட்டடத்தில் இருந்தது. கீழ்த்தளத்தில் எண்ணுகிறவர்கள். மக்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று கணக்கெடுத்து அட்டவணை போடுவார்கள். மேல்தளத்தில் தத்துவக்காரர்கள். எது நியாயம், எது உரிமை, அரசாங்கத்துக்கு ஒருத்தன் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று பேசுவார்கள். கீழே இருப்பவர்களுக்கு மேலே இருப்பவர்கள் ஆகாசத்தில் கோட்டை கட்டுகிறவர்கள். மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் தலை எண்ணிகள். டீ குடிக்கக்கூட இரண்டு தரப்பும் ஒன்றாகப் போவதில்லை.

ஜாக்குலின் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது நடுவில் இருந்த மாடிப்படியை. இருப்பது ஒன்று, இருக்க வேண்டியது ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக வழி இருக்கிறதா என்பது அவள் கேள்வி. புத்தகம் படித்து வந்த கேள்வி இல்லை. காலனிக் குழாயில் தண்ணீர் வராது. வராது என்பது தகவல். வரவேண்டும் என்பது நியாயம். இரண்டுக்கும் நடுவில் அவள் அப்பா ஏசுபாதம் தூக்கிக்கொண்டு அலைந்த மனுக்கள்தான் இருந்தன. வேறு எதுவும் இருந்து அவள் பார்த்ததில்லை.

சாரின் யோசனை சுலபமானது. நியாயத்தை அளக்க முடியாது. ஆனால் ஒரு முடிவை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்று அளக்கலாம். ஏற்றுக்கொண்டால் அந்த முடிவுக்குத் தகுதி வந்துவிடுகிறது. எண்ணுகிறவனுக்கு எண் கிடைத்தது, தத்துவக்காரனுக்கு நியாயம் கிடைத்தது, கல்யாணம் முடிந்தது.

இலுப்பமேடு கிராம சபை குப்பைக் கிடங்கை ஏரிக்கரையில், காலனியின் கடைசி வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் வைப்பதாகத் தீர்மானம் போட்டிருந்தது. 'ஏகமனதாக' என்று எழுதியிருந்தது. ஜாக்குலின் வீடு வீடாகப் போய், இந்த முடிவை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்று கேட்டு வந்தாள். காலனி ஐந்துக்கு நாலே முக்கால் போட்டது. மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வெள்ளிக்கிழமை கருத்தரங்கு. அங்கே சாரின் அறிக்கை வெளியாகும். மாவட்டத்துப் பெரிய அதிகாரிகள் வருவார்கள். அறிக்கையில் இலுப்பமேடு முன்மாதிரி ஊர். அதுவே ஜாக்குலினின் ஆய்வேட்டில் நடு அத்தியாயம். அவளுடைய உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. இந்த அத்தியாயம் தேறினால் நீட்டிப்புக்குச் சார் கையெழுத்துப் போடுவார். தேறாவிட்டால் பக்கத்து டவுன்ஷிப்பில் வீட்டு வேலை செய்யும் அம்மாவோடு அவளும் துடைப்பத்தை எடுக்க வேண்டியதுதான். இதை அவளே தோழி ஷபானாவிடம் ஒருமுறை சொன்னாள், சிரிக்காமல்.

எண்ணைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ உறுத்தியது. காலனியில் அந்தக் குப்பைக் கிடங்கைத் திட்டாத ஆளை அவள் பார்த்ததில்லை. ஆனால் வருகிற மகாலட்சுமியை எட்டி உதைப்பார்களா? உறுத்தலை ஓரமாக வைத்துவிட்டுச் சனிக்கிழமை ஊருக்குப் போகத் திருக்கழுக்குன்றம் பஸ் ஏறினாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ரெபேக்காள் அத்தை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். காலனியின் கடைசி வீடு அவளுடையது. கடைத்தெருவில் இட்லி விற்கிறவள். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு என்னவோ குரல் இறங்கியிருந்தது.

"பாப்பா, ஒனக்குப் புண்ணியமாப் போவும். நான் போட்ட ரெண்ட அஞ்சா மாத்திக்கடி."

"இன்னா ரெண்டு, அத்த?"

"அதான்டி, நீ கேட்டுக்கினு வந்தியே. குப்பத் தொட்டிக்கு மார்க்கு. நான் ரெண்டு போட்டேன் இல்ல? அது எப்டியோ வெளிய தெரிஞ்சி பூட்ச்சி. நானே குழாயாண்ட சொல்ட்டேன்னு வெச்சிக்கோ. அன்னிலேர்ந்து ஊரே என்ன மொறைக்குது. நம்ம சுஜாதா கீறாளே, என்கிட்ட இட்லி வாங்கறதில்ல. 'படிக்கிற புள்ள மார்க்குல மண்ண அள்ளிப் போட்டவ'ன்றா."

ஜாக்குலினுக்குப் புரியவில்லை. புரிந்தபோது கைப்பை தோளிலிருந்து நழுவியது.

"அது என் மார்க்குன்னு யாரு சொன்னது?"

"உங்கம்மாதான்."

குளோரி அடுப்பிலிருந்து மீன் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். மகள் வாசலிலேயே செருப்போடு நின்று கத்தியதைக் கேட்டும் அவள் கை நிற்கவில்லை.

"ஆமாண்டி, நான்தான் சொன்னேன். இன்னா இப்போ?"

"இன்னான்னு சொன்ன?"

"புள்ள டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது, நம்மகிட்ட வந்து மார்க்கு கேக்கும், ஆளாளுக்கு நல்லா போட்டு உடுங்கன்னேன். வூடு வூடா ஓட்டு கேக்குற மாரி போய்ச் சொன்னேன். கோயில்ல ஜெபம் முடிஞ்சும் சொன்னேன். எதிர்ச்சாரி ஆளுங்க கூட மாட்டேன்னு சொல்லல. உன் தம்பி பன்னண்டாவதுல ப்ராக்டிகல் பண்ணான், வெளியிலேர்ந்து ஒரு வாத்தியாரு வந்து மார்க்கு போட்டாரா இல்லியா? அது மாரி இதுக்கு நாங்க வெளியாளு."

"அது பஞ்சாயத்துக்கும்மா! பஞ்சாயத்துக்குப் போட வேண்டிய மார்க்!"

"பஞ்சாயத்து இன்னா பரிச்சையா எழுதுச்சி, மார்க்கு போட? நீதானே வந்து கேட்ட, 'ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எவ்ளோ மார்க்கு போடுவீங்க'ன்னு? நீதானே சொன்ன, இத வெச்சித்தான் எனக்குப் பட்டம்னு? ரெபேக்கா ரெண்டு போட்டிருக்கா, வெக்கங்கெட்டவ. நீ கைக்கொழந்தையா இருக்கசொல்ல அவ வூட்லதான் கெடந்த. அவளுக்கு மனசு வர்ல பாரு."

ஜாக்குலினுக்கு வந்த கோபத்துக்கு யார் மேல் பாய்வதென்று தெரியவில்லை. இவ்வளவு பெரிய துறை, புள்ளியியல் வகுப்பு, மாதிரி எடுக்கும் முறை, கேள்வித்தாளை மூன்று முறை திருத்திய குழு. அதில் ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. தோன்றவும் தோன்றாது. அவர்கள் வீட்டில் பிள்ளைகள் படிப்பது வழக்கம். ஒரு தெருவே சேர்ந்து ஒருத்தியைப் பாஸ் பண்ண வைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு எப்போதும் வந்ததில்லை. அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளும் மார்க் என்ற சொல்லை வாய்க்கு வந்தபடி போட்டுவிட்டு, வந்த ஐந்துகளை அள்ளிக் கட்டிக்கொண்டு போனாள்.

"கொழம்பு ஆறுது, சாப்புடு" என்றாள் குளோரி. "மார்க்கு வந்துச்சா, அதச் சொல்லு."

"வந்துச்சு" என்றாள் ஜாக்குலின். "நாலே முக்கா."

"அந்தக் கால் மார்க்கு ரெபேக்காவாலதான் போச்சி."

திங்கட்கிழமை பொத்தேரியில் ஷபானாவின் விடுதிக்குப் பக்கத்துக் கடையில் இருவரும் பரோட்டா சாப்பிட்டார்கள். ஷபானா கீழ்த்தளத்துக்காரி, ஆம்பூர் பெண். எண் என்றால் அவளுக்குக் குலதெய்வம். கதையைக் கேட்டு முதலில் சிரித்தாள், புரையேறும் வரை. பிறகு தொழில் புத்தி வந்துவிட்டது.

"இதுக்கு மருந்து இருக்குடி. கேக்கற ஆள மாத்தணும். நான் போறேன். என்ன யாருக்கும் தெரியாது. என் படிப்பு முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன அவங்களுக்கு?"

"மார்க்குன்னு சொல்லாத."

"சொல்ல மாட்டேன். 'சம்மதமா, இல்லையா, எவ்வளவு சம்மதம்' அவ்வளவுதான்."

மறுநாளே போனாள். மாலையில் திரும்பி வந்தவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கேள்வித்தாள்களை மேஜைமேல் போட்டாள். ஐந்து. ஐந்து. ஐந்து. நடுவில் ஓரிரண்டு நாலு.

"போன வூட்டுலல்லாம் நாற்காலி போட்டாங்க. பக்கத்து வூட்லேர்ந்து கடன் வாங்கிக் கலர் வாங்கிக் குடுத்தாங்க. 'மேடம், நீங்க கலெக்டர் ஆபீஸா, பிளாக் ஆபீஸா'ன்னு கேட்டாங்க. ரெண்டும் இல்லன்னேன். 'அப்ப பஞ்சாயத்து அனுப்புனாங்களா'ன்னாங்க. நான் கேள்வியே கேட்டு முடிக்கல, 'எல்லாம் திருப்திங்க மேடம், ஒரு கொறையும் இல்லங்க மேடம்.' ஒருத்தங்க மட்டும் வாசல்ல நின்னுக்கிட்டே, 'எழுதிக்கோங்க, அஞ்சு'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. இட்லிக் கடைக்காரம்மா."

"ரெபேக்கா அத்தயா? அஞ்சா?"

"அஞ்சுதான். எம் மொகத்தக்கூடப் பாக்கல."

ஜாக்குலின் அந்த ஒரு தாளைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டாள். ரெபேக்காள் போன வருஷம் கிராம சபையில் எழுந்து நின்று தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டவள். அதற்கடுத்த வாரம் நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள் பெயரை வாசித்தபோது அவள் பெயர் மட்டும் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, 'கம்ப்யூட்டர்ல ஏறல' என்றார்கள். அதற்குப் பிறகுதான் அவள் இட்லிச் சட்டி வாங்கினாள். குப்பைக் கிடங்குத் தீர்மானத்துக்கு, கிராம சபைக்கு வந்ததாக வருகைக் கையெழுத்தும் நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலேயே வாங்கப்பட்டது. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் போய்க் கைநாட்டு வைத்தார்கள். எதிர்த்து யாரும் பேசவில்லை. ஏகமனது.

"உன் அஞ்சு பாசம்" என்றாள் ஷபானா. "என் அஞ்சு பயம். மெஷின்ல போட்டா ரெண்டும் ஒரே அஞ்சு. எனக்கு எப்படிப் பிரிக்கறதுன்னு தெரியலடி."

குலதெய்வத்தைச் சந்தேகப்பட்டவள் போல அவள் குரல் இருந்தது.

புதன்கிழமை ராமானுஜம் சார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஜாக்குலினுக்கு முதல் வருஷம் விடுதிக் கட்டணம் கட்ட முடியாதபோது நிர்வாகத்தோடு சண்டை போட்டவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"சரி, ஜாக்குலின். அவங்க அஞ்சு போட்டாங்க. நீ, அது அஞ்சு இல்லேங்கற. அப்ப நெஜத்துல எவ்வளவு?"

"தெரியாது சார்."

"தெரியாது. ஆனா அவங்க சொன்னது தப்புன்னு மட்டும் தெரியும். இதத்தான் மேல்மாடியில காலங்காலமா செஞ்சிட்டிருக்காங்க. 'உனக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.' ராஜாவும் அதத்தான் சொன்னான், வெள்ளைக்காரனும் அதத்தான் சொன்னான். ஒரு மனுஷன் வாயால சம்மதம்னு சொன்னா அத மதிக்கணும்மா. அதுதான் ஜனநாயகம். இல்லேன்னா யாரு முடிவு பண்றது? நீயா?"

நல்ல அடி. நேராக நடு மண்டையில் விழுந்தது.  

"நான் முடிவு பண்ணல சார். அவங்க இன்னா சொன்னாங்கன்னு நாம எண்ணினோம். வேணாம்னு சொல்லியிருந்தா இன்னா ஆவும்னு கேக்கவே இல்ல. வேணாம்னு சொன்னா வேலை போவும்னா, அதுக்கப்புறம் சொல்ற ஆமாவுக்கு இன்னா அர்த்தம் சார்? அந்த ஆமாவ எண்ணலாம். நியாயம்னு எப்படிச் சொல்றது?"

கோபத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. நாலு வருஷமாக அந்த அறையில் அவள் 'இன்னா' என்று சொன்னதில்லை.

"இது தரவும் இல்ல, தத்துவமும் இல்ல" என்றார் சார். "ஊர்க்கதை. இத அத்தியாயமா எந்த வெளித்தேர்வாளரும் ஏத்துக்க மாட்டார். பாரு, நான் உன்ன வற்புறுத்தல. அட்டவணை இருந்தா, அத்தியாயம் இருக்கு. வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் நீட்டிப்புல கையெழுத்துப் போடறேன். அட்டவணை இல்லேன்னா எத வெச்சுப் போடறது, நீயே சொல்லு?"

"அறிக்கையில சம்மதம்னு வந்தா அங்க கிடங்கு வந்துடும் சார்."

"நாம எழுதாட்டியும் வரும்."

"வரட்டும் சார். நான் எழுதிக் குடுத்து வர வேணாம்."

சொல்லிவிட்டாளே தவிர, முடிவு எடுத்துவிட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. அன்று ஊருக்குப் போகிற வழியெல்லாம் அவள் மனம் சந்தைக்கடையாக இருந்தது. பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் டிகிரி முடித்தவர்கள், மகேந்திரா சிட்டி கம்பெனிகளில் மாதக் கூலிக்கு நின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள். ஒரு தெருவே கூடி ஊதிப் பெரிதாக்கிய பலூன் அவள். ஊசியை அவளே எடுத்துக் குத்திக்கொள்ள வேண்டுமா? நாற்றம் எப்படியும் வரும் என்கிறார் சார். நாற்றத்தோடு பட்டமாவது வரட்டுமே. வியாழக்கிழமை மதியம் வரை இப்படித்தான் ஓடியது.

மதியம் அம்மா வேலையிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். ஜாக்குலின் ஒரு புதுக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கடைசியாக ஒருமுறை. உண்மையான ஒரே ஒரு எண் கிடைத்தால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கமாவது சாய்ந்துவிடலாம்.

"யம்மா, இப்பச் சொல்லு. இது என் மார்க்கு இல்ல. கர்த்தர் மேல ஆணையா இல்ல. குப்பக் கெடங்கு ஏரிக்கரையில வர்றது ஒனக்குச் சம்மதமா?"

குளோரி அவளை உற்றுப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தில் அவள் எதைப் படித்தாளோ.

"நான் சம்மதம் இல்லன்னு சொன்னா, ஒங்க சாரு கையெழுத்து போடுவாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஜாக்குலினுக்கு அந்த நேரத்தில் வரவில்லை.

"போட மாட்டாரு."

"அப்ப சம்மதம்."

"யம்மா!"

"இன்னாடி யம்மா, நொம்மா? டவுன்ஷிப்புல பத்து வூட்டுக் குப்பய நான் அள்றேன். எனக்கு நாத்தம் புச்சா? நாத்தம் எனக்கு, படிப்பு ஒனக்கு. சரியாப்பூட்ச்சி. அஞ்சே போடு."

ஜாக்குலின் பேனாவைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். குளோரி அதற்கும் அசரவில்லை. எழுந்து போய்ப் பேனாவைப் பொறுக்கி, எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, மகள் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

கீழ்த்தளத்துக்காரன் இதைக் கேட்டால் ஐந்து என்று எழுதிக்கொள்வான். மேல்தளத்துக்காரன் கேட்டால், பாவம், அறியாமை, அவளுக்குத் தன் நலன் தெரியவில்லை என்பான். இரண்டு பேரும் செருப்பால் அடி வாங்க வேண்டியவர்கள் என்று ஜாக்குலினுக்குத் தோன்றியது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நாற்றத்தை ஒரு தட்டிலும் மகளை ஒரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் தீர்ப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த இரண்டையும் ஒரே தராசில் ஏற்றி வைத்தது யார்? ஹோட்டலில் வெள்ளிக்கிழமை உட்காரப்போகிற யார் வீட்டிலாவது இப்படி ஒரு தராசு உண்டா? ஐந்தா ஒன்றா என்று கேட்டதற்குப் பதிலாக, வேண்டாம் என்றால் எதை இழப்பீர்கள் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். இதைக் கேட்கவும் முடியும், எண்ணவும் முடியும், நியாயமா என்று சண்டை போடவும் முடியும். மாடிப்படி இங்கேதான் இருந்தது, அவள் வீட்டு அடுப்படிக்குப் பக்கத்தில். அந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவளும் அவளேதான்.

கேள்வித்தாளில் எண் போடும் கட்டத்தைக் காலியாக விட்டாள். ஓரத்தில் அம்மா சொன்னதை அப்படியே எழுதினாள். நாத்தம் எனக்கு, படிப்பு ஒனக்கு.

மாமல்லபுரம் ஹோட்டலில் ஏசி பற்களைத் தந்தியடிக்க வைத்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஜாக்குலினுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அவளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"அறிக்கையில இலுப்பமேடு வரிசையை எடுத்துடுங்க. அது என் சொந்த ஊர். அங்க நான் வாங்கின மார்க் பஞ்சாயத்துக்குப் போட்டது இல்ல, எனக்குப் போட்டது. நான் பாஸ் பண்ணணும்னு போட்டாங்க. நான் இல்லாம வேற ஆளு போய்க் கேட்டப்ப, வேலை போயிடும்னு பயந்து போட்டாங்க. ரெண்டுமே குப்பைக் கிடங்குக்குச் சம்மதம் இல்ல. சம்மதம் இல்லேன்னும் நான் சொல்ல வரல. நாங்க இன்னும் கேக்கவே இல்லன்னு சொல்ல வந்தேன்."

'எனக்குப் போட்டது' என்றபோது பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிப்பு அவளை ஒன்றும் செய்யவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், ஒரு ஊர்தானே, எடுத்துவிட்டாலும் சராசரி பெரிதாக மாறாது என்று ஆறுதல் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. ஷபானா கடைசி வரிசையில் கைப்பேசியைப் பார்ப்பதுபோலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டால் ஏசி என்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் புல்வெளியில் சார் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கையில் தட்டு, தட்டில் ஒன்றும் இல்லை.

"இத முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன் சார்."

அவர் கடலைப் பார்த்தார். "ஆமா, சொன்ன" என்றார். கொஞ்சம் கழித்து, "எடுத்துட்டேன். கையெழுத்த இப்ப கேக்காத. டிசம்பருக்குள்ள வேற அத்தியாயம் கொண்டா, படிச்சுப் பாக்கறேன். போடறேன்னு சொல்லல, பாக்கறேன்" என்றார்.

அச்சாகி வந்த அறிக்கையில் இலுப்பமேட்டுக்குக் கிடைத்தது பக்கத்தின் அடியில் ஒரு வரி. 'தரவு நம்பத் தகுந்ததன்று, நீக்கப்பட்டது.' கிடங்கு வருகிறதா இல்லையா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. இந்த ஊர்க்காரர்கள் சம்மதித்தார்கள் என்று அந்த அறிக்கையைக் காட்டி எவனும் சொல்ல முடியாது. அவ்வளவுதான் கிடைத்தது. நாலு வருஷப் படிப்புக்கு அது அதிகமா, குறைச்சலா என்று ஜாக்குலின் கணக்குப் பார்க்கவில்லை. குளோரி அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோதும், "பொழைக்கத் தெரியாதவளே" என்றுதான் ஆரம்பித்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஜாக்குலின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கினாள். ரெபேக்காள் வாசலில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். ஜாக்குலின் கையில் காகிதத்தைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வந்துட்டியா? எழுதிக்கோ. அஞ்சு. அஞ்சுக்கு மேல கீதுன்னா அதையும் போட்டுக்கோ. என்ன உட்ருடி தாயே."

"மார்க்கு இல்ல அத்த."

"இல்லன்னா? அப்பறம் எதுக்கு வந்த?"

"நீ போன வருசம் லைட்டு எரியலன்னு எழுந்து கேட்டியே, அன்னிக்கு இன்னா நடந்துச்சின்னு கேக்க வந்தேன். அதுக்கப்பறம் நீ ஏன் எழுந்துக்கல, எழுந்துக்கணும்னா ஒனக்கு இன்னா இருக்கணும். இதான் கேள்வி."

ரெபேக்காள் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எதிர்வீட்டுச் சுஜாதா கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு நெசமா மார்க்கு இல்ல? நான் இன்னா சொன்னாலும் ஒனக்குக் கொறையாது?"

"எனக்குக் கொறைய வேண்டியதெல்லாம் கொறஞ்சி பூட்ச்சி அத்த."

ரெபேக்காளின் குரல் திரும்பி வந்துவிட்டது. நாலு தெருவுக்குக் கேட்கும்படி, "அடியே சுஜாதா, அங்க நின்னு ஒட்டுக் கேக்காத, வந்து இங்கியே ஒக்காரு!" என்று கத்தினாள். பிறகு உளுந்துக் குண்டானை ஓரமாகத் தள்ளி, ஜாக்குலினுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"பேனாவுல மை கீதா பாத்துக்கோ" என்றாள். "லைட்டுலேர்ந்து ஆரம்பிச்சா நேரமாவும்."